கேட்டுத்தான் சொல்லணும்

றிஸ்கானின் கதையைச் சொல்லத் தொடங்கினாலே எனக்கு ஸைனுலாப்தீனின் முகம்தான் முதலில் வருகிறது. முகம் வந்தால் கோபமும் வருகிறது. என் தொழிலுக்குக் கோபம் ஆகாது. கல்முனைப் பிரதான வீதியில் ஜன்னலுக்கும் அலுமாரிக்கும் கண்ணாடி வெட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கை பதறினால் கோடு கோணும். அந்தக் கிழமை என் கடையில் உடைந்த கண்ணாடிக்கெல்லாம் அந்த மனிசன்தான் பொறுப்பு.

றிஸ்கான் எனக்குச் சகலன். என் மனைவி ஹிமாயாவின் தங்கை அஸ்னாவைக் கலியாணம் முடித்தவன். கல்முனைக்குடியில் ஒரே வளவுக்குள் எங்கள் இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. எங்கள் வீடுகள் என்று சொல்லிவிட்டேன். தப்பு. ஒன்று ஹிமாயாவின் வீடு, மற்றது அஸ்னாவின் வீடு. நாங்கள் இரண்டு பேரும் அங்கே இருக்கிறோம்.

எங்கள் கரையில் அப்படித்தான். வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் ஆண்பிள்ளை உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நிந்தவூரானும் போகிறான், பாலமுனையானும் போகிறான். காரைதீவில் தமிழ் ஆட்களும் அப்படித்தான் போகிறார்கள். அந்த வீட்டைக் கட்டிக் கொடுப்பது அவளுடைய வாப்பா. வாப்பாவுக்கு ஏலாவிட்டால் காக்காமார், அதாவது அண்ணன்மார். இதில் வெட்கமும் கிடையாது, பெருமையும் கிடையாது. மழை பெய்தால் நனைகிறோம், கலியாணம் முடிந்தால் வீடு மாறுகிறோம். இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டி வரும் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

றிஸ்கான் நிந்தவூரில் பிறந்தவன். படித்துக்கொண்டிருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார், குடும்பம் அவன் தலையில் விழுந்தது. ஒரே தங்கச்சி ஹாஜறா. கத்தாருக்குப் போனான். ஒரு பெரிய கடையின் பண்டகசாலையில் பெட்டி தூக்கினான், பிறகு பெட்டிகளுக்குப் பொறுப்பாளன் ஆனான். அந்த உழைப்பில் ஹாஜறாவுக்கு நிந்தவூரில் வீடு கட்டினான். அதன் ஜன்னல்களுக்கு என் கடையில்தான் கண்ணாடி வாங்கினான். விடுமுறையில் வந்து ஒவ்வொரு கண்ணாடியாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து எடுத்தவனின் பொறுமையைக் கண்டுதான் என் மச்சினிக்கு அவனைப் பேசினோம்.

அஸ்னாவை முடித்த பிறகும் கத்தார்தான். மகள் பிறந்தபோதும் அங்கேதான் இருந்தான். அந்தப் பிள்ளை வாப்பாவை ஃபோனில் மட்டும் கண்டு வளர்ந்தது. ஒப்பந்தம் முடிந்து அவன் நிரந்தரமாக வந்து இறங்கிய அன்று, பிள்ளை உம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஃபோன் வாப்பாவக் காட்டுங்க, இவர் வேணா," என்று அழுதது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். றிஸ்கான் சிரிக்கவில்லை. இனிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தான் என்று பிறகு என்னிடம் சொன்னான்.

ஆனால் ஊரில் வேலை எங்கே கிடக்கிறது? மாதக்கணக்கில் சும்மா இருந்தான். அஸ்னாவோடு இருக்கிற எங்கள் மாமியார் சபியா உம்மா ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லாமல் விடுவதுதான் மாப்பிள்ளைக்கு இன்னும் கஷ்டம். சோற்றுக் கோப்பையில் பெரிய மீன் துண்டு தனக்கே வந்து விழும்போது அதைப் பிய்த்து மகளுக்குக் கொடுத்துவிடுவான். கத்தாருக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் வேறு அடிக்கடி ஃபோன் எடுத்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் இந்த றெப் வேலை வந்தது. பால்மாவும் பிஸ்கட்டும் விற்கிற ஒரு கம்பெனி, கல்முனைப் பக்கத்துக் கடைகளுக்கு ஓடர் எடுக்க ஆள் தேடியது. பண்டகசாலை அனுபவம், மோட்டார் சைக்கிள் லைசன், கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் சிங்களம். எல்லாம் அவனிடம் இருந்தது. இந்த வேலை கிடைத்தால் பிள்ளையோடு இருக்கலாம், கிடைக்காவிட்டால் மறுபடியும் ஃபோன் வாப்பா. விசயம் இவ்வளவுதான்.

இன்டர்வியூ நடந்தது என் கடைக்கு எதிர்ப்பக்கம், ஒரு சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில். போகுமுன் என் கடைக்கு வந்து, விற்க வைத்திருந்த நிலைக்கண்ணாடியில் தலை சீவிக்கொண்டான். "துஆ செய்ங்க காக்கா," என்றான். நான் செய்தேன். திரும்பி வரும்போது கடைப்பக்கம் தலை திருப்பாமல் போனான். நான் கூப்பிட்டேன், கேட்காதவன் மாதிரி போய் பஸ்ஸில் ஏறிவிட்டான்.

உள்ளே நடந்ததை நான் பிறகுதான் கேட்டறிந்தேன். இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த மேலாளர். மற்றவர் கம்பெனியின் இங்கத்தைய ஏஜென்ட் ஸைனுலாப்தீன். பாலமுனையில் பிறந்து, சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, அங்கே மனைவியின் மாடி வீட்டில் இருக்கிறவர். இதை அடிக்கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. கத்தார் வேலையைப் பற்றிக் கேட்டார்கள், சொன்னான். கொழும்புக்காரர் தலையாட்டினார். பிறகு, "சாமான் பெட்டி கொஞ்சம் எப்பவும் கைவசம் இருக்கணும். உங்க வீட்டில ஒரு அறை தர முடியுமா?" என்று கேட்டார்.

"கேட்டுத்தான் சொல்லணும், சேர்."

"யார்கிட்ட?"

"பொண்டாட்டிட்ட. மாமிட்டயும் ஒரு சொல்லுக் கேக்கணும்."

"ஏன், அது உங்க வீடு இல்லையா?"

"இல்ல சேர். அவட ஊடு."

கொழும்புக்காரர் பேனையைக் கீழே வைத்தார். "ஓ, நீங்க வீட்டோட மாப்பிள்ளையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

வீட்டோட மாப்பிள்ளை! ஏதோ டிவி நாடகத்தில் வருகிற, மாமனார் செலவில் தின்று தூங்குகிற கோமாளியைச் சொல்கிற சொல் அது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை. வீட்டோடு இல்லாத மாப்பிள்ளை யார் இருக்கிறான் இங்கே? பள்ளிவாசல் தலைவர் வீட்டோட மாப்பிள்ளை. டொக்டர் வீட்டோட மாப்பிள்ளை. என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு விட்டாரா? "இவ்வளவு காலம் வெளிநாட்டில உழைச்சும் ஒரு வீடு கட்டிக்கல்லையா?" என்று கேட்டார்.

"கட்டின சேர். தங்கச்சிக்கு."

இதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. பிறகு சிரிப்பை நிறுத்தி, புத்தி சொல்கிற குரலில், "தம்பி, இருக்கிற வீட்டில ஒரு அறைக்கே உங்களால முடிவு சொல்ல ஏலாது. கடைக்காரங்களோட பேசி எப்படி முடிவெடுக்கப் போறீங்க?" என்றாராம்.

றிஸ்கான் ஸைனுலாப்தீனைப் பார்த்தான். ஒரு வசனம் போதும். "சேர், இந்தப் பக்கத்து வழக்கம் இதுதான், நானும் பொண்டாட்டி ஊட்டிலதான் இரிக்கன்," என்று சொன்னால் முடிந்தது. அவர் சொன்னாரா? கொழும்புக்காரரோடு சேர்ந்து தோள் குலுங்கச் சிரித்தார். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது. றிஸ்கான் ஸலாம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

பஸ் கல்முனைக்குடியைத் தாண்டும்போது அவன் இறங்கவில்லை. அவனுக்கு அப்போது வேண்டியிருந்தது சத்தம் போட ஓர் இடம். மாமி வீட்டில் சத்தம் போட ஏலாது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் குரல் உயர்ந்ததில்லை. நிந்தவூருக்குப் போய் ஹாஜறாவின் வீட்டு வாசலில் நின்றான். தான் கட்டிய வீடு, தன் தங்கச்சி. இங்கே கத்தாமல் வேறெங்கே கத்துவது?

"அந்தக் கொழும்பான் என்னப் பாத்து என்ன கேட்டான் தெரியுமா?" என்று தொடங்கினான். குரல் ஏறியது.

ஹாஜறா பதறிப்போய் உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவாக் கதைங்க காக்கா. அவரு இப்பதான் படுத்த. எழும்பிட்டாரெண்டா ஏசுவாரு."

அவள் மீது பிழையில்லை. அவளுடைய புருசனும் அந்த வீட்டு மாப்பிள்ளைதானே, மரியாதை கொடுக்க வேண்டும். ஆனால் கண்ணாடி கண்ணாடியாகத் தேடி எடுத்த அந்த ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு, வாயை மூடு என்று கேட்க எவனுக்குப் பொறுக்கும்? தேத்தண்ணி வைக்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போனான்.

கடலைப் பார்த்தாவது கத்தலாம் என்று நினைத்தான். எங்கள் கடற்கரையில் அதற்கும் வழியில்லை. வாயைத் திறக்குமுன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர், "ஆரு, றிஸ்கானா? கத்தாரால எப்ப வந்த? திரும்ப எப்ப போற?" என்று கேட்டார். அடுத்த தோணியடியில் இருந்தவரும் அதையே கேட்டார். ஊரில் ஒருத்தன் வந்தால், போகிற நாளைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லியே அவனுக்கு நாக்கு வறண்டது.

பொழுது பட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு கல்முனைக்குடிக்கு வந்து சேர்ந்தான். வேலை சரிவந்துவிடும் என்ற நம்பிக்கையில் மாமி நெய்ச்சோறும் கோழியும் ஆக்கி வைத்திருந்தா. எங்கள் வீட்டையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். றிஸ்கான் கை கழுவி உட்கார்ந்தான். மாமி கோழிக் காலைத் தூக்கி அவன் கோப்பையில் வைத்து, "மகன், எல்லாம் சரி வந்திச்சா?" என்று கேட்டா.

அந்தக் கோழிக் கால்தான் திரியில் நெருப்பை வைத்தது என்று நினைக்கிறேன். கோப்பையைத் தள்ளிவிட்டான். தண்ணீர்க் கிளாஸ் கவிழ்ந்து உருண்டது.

"எனக்கு வைக்காதீங்க மாமி! இது என்ட ஊடில்ல! எனக்கு ஊடே இல்ல! ஒரு அறை கேட்டானுகள், எனக்குச் சொல்ல ஏலாமப் போயிட்டு. கட்டின ஊட்டில வாயத் தொறக்கவும் ஏலா. இரிக்கிற ஊட்டிலயும் ஏலா. நான் கத்தாருக்கே போறன். அங்க கேம்புல ஒரு கட்டிலாவது என்ட பேர்ல இரிக்கும்!"

சத்தம் வளவைத் தாண்டிக் கேட்டிருக்கும். மகள் அழத் தொடங்கினாள். நான் எழுந்து அவன் தோளைப் பிடிக்கப் போனேன். ஹிமாயா என் சட்டையைப் பிடித்து இருத்தினாள்.

அஸ்னா அடுப்படியிலிருந்து வந்தாள். சமாதானம் சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் முகம் அவன் முகத்தை விடச் சிவந்திருந்தது.

"என்னத்தச் சொன்னீங்க அங்க?"

நடந்ததை அவன் சொன்னான். முதல் தடவையாக நாங்கள் எல்லோரும் அதை அப்போதுதான் கேட்டோம். அஸ்னா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள்.

"கேட்டுத்தான் சொல்லணும் எண்டது பொய்யா?"

"இல்ல."

"அப்ப ஏன் களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரித் தலையக் குனிஞ்சிக்கிட்டு வந்திரிக்கீங்க? பொண்டாட்டிட்டக் கேக்கிறது வெக்கமா? கேட்டிருந்தீங்கெண்டா முன்னறைய அந்த நேரமே தந்திரிப்பன். வெக்கப்பட வேண்டியவனுகள் சிரிச்சிக்கிட்டு இரிக்கானுகள். நீங்க என்னடாவெண்டா உம்மா ஆக்கின சோத்தில கோவத்தக் காட்டுறீங்க!"

மாமி கவிழ்ந்த கிளாஸை நிமிர்த்தி வைத்தா. "அவர ஏசாத மகள்," என்றா. பிறகு அவனைப் பார்த்து, "சத்தம் போடுங்க மகன். ஒங்கட மாமா இரிக்கக்குள்ள இந்த ஊடு இடிஞ்சி விழுகிற மாதிரிச் சத்தம் போடுவாரு. அவரும் இஞ்ச வந்த மாப்பிள்ளதானே. சத்தம் போட்டுட்டுச் சோத்தத் தின்னுங்க," என்றா.

அவன் தின்னவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. அழுதுகொண்டிருந்த மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்குத்தான் ஆறவில்லை. அடுத்த நாளே சாய்ந்தமருதுக்குப் போய் ஸைனுலாப்தீனின் வீட்டு வாசலில் நின்று நாலு கேள்வி கேட்கிறேன் என்று புறப்பட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லி ஹிமாயா மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்து ஒளித்துவிட்டாள். அது அவள் வாங்கித் தந்த மோட்டார் சைக்கிள், என்ன பேச முடியும்? கடைக்கு நடந்து போய்க் கண்ணாடியை உடைத்தேன்.

வேலை முர்ஷித் என்ற ஒரு பொடியனுக்குக் கிடைத்தது. அவனும் எங்கள் ஊர் மாப்பிள்ளைதான். அறை கேட்டபோது, "ஓம் சேர், என்ட ஊடுதான், எத்தின அறையும் எடுங்க," என்று அடித்து விட்டிருக்கிறான். கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொண்டு என் கடைக்கு முன்னால் ஹோன் அடித்தபடி போவான். றிஸ்கான் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்குப் போய், பாஸ்போட்டைக் கத்தார் ஏஜென்சியில் கொடுத்துவிட்டு வந்தான். மகளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் அவள் வாப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள்.

முர்ஷிதின் மாமி அப்போது உம்றா யாத்திரைக்குப் போயிருந்தா. திரும்பி வந்து பார்த்தால் தன்னுடைய தொழுகை அறையில் கூரை முட்டப் பால்மாப் பெட்டி. "ஆரக் கேட்டு வெச்ச?" என்று ஒரே ஒரு கேள்விதானாம். பெட்டிகள் எல்லாம் ரோட்டு ஓரத்துக்கு வந்தன. அன்றைக்கென்று நல்ல மழை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைக்குக் கடை அதுதான் கதை. எனக்கு அந்தப் பொடியன் மேல் பரிதாபம் வந்தது. ஆனால் சிரிக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய்.

இரண்டொரு நாள் கழித்து, அஸர் தொழுதுவிட்டு நானும் றிஸ்கானும் அஸ்னாவின் வீட்டு முன் ஹோலில் இருந்தபோது வாசலில் ஒரு வேன் நின்றது. ஸைனுலாப்தீன் இறங்கினார். ஸலாம் சொன்னார். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட ஏலாது, சொன்னோம். மாமி தேத்தண்ணி அனுப்பினா. வீட்டுக்கு வந்த எதிரிக்கும் தேத்தண்ணி கொடுக்கிற மனிசி அவ.

"தம்பி, அண்டைக்கி நடந்தத மனசில வெச்சிக்காதீங்க," என்று தொடங்கினார். "மேலிடத்து ஆள், அவரோட நான் என்னத்தக் கதைக்க? இப்ப முர்ஷித நிப்பாட்டியாச்சி. ஒங்கட ஊட்டில ஒரு அறையத் தந்தீங்கெண்டா வேல ஒங்களுக்குத்தான். சேரும் ஓமெண்டுட்டாரு."

எனக்கு அவருடைய கோப்பையைப் பிடுங்கி வெளியே எறிய வேண்டும் போல இருந்தது. போடா உன் வேலையும் நீயும் என்று றிஸ்கான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன். ஏஜென்சியில் பாஸ்போட் கிடந்தது. திரைச்சீலைக்குக் கீழே பிள்ளையின் கால் தெரிந்தது.

றிஸ்கான் அவரை நேராகப் பார்த்தான். குரலில் கோபம் அப்படியே இருந்தது, வெட்கம் மட்டும் இல்லை.

"கேட்டுத்தான் சொல்லணும்."

"கேளுங்க, கேளுங்க," என்று ஸைனுலாப்தீன் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அஸ்னாவின் குரல் வந்தது.

"அறை தாறன். ஆனா அது என்ட அறை எண்டு அந்த சேருக்கு நீங்களே சொல்லணும். இவரு பொய் சொல்ல மாட்டாரு."

"அதுக்கென்ன தங்கச்சி, இண்டைக்கே சொல்றன்."

"வேலைக்கான கடிதத்தக் கொண்டு வாங்க, அதுக்குப் புறகு பெட்டியக் கொண்டு வாங்க."

"ஓம் ஓம், நாளைக்கே."

"இன்னொண்டு காக்கா. சாய்ந்தமருது இந்தா இரிக்கி. ஒங்கட ஊடு பெரிய மாடி ஊடெண்டு சொல்றாங்க. அதில ஒரு அறை இல்லாமயா இஞ்ச வந்தீங்க?"

ஸைனுலாப்தீன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். தொப்பியைச் சரிசெய்தார். என்னைப் பார்த்தார், நான் உதவவில்லை.

"அது வந்து தங்கச்சி... கேட்டுத்தான் சொல்லணும்."

றிஸ்கான் கதிரையை முன்னால் இழுத்து, அவர் முகத்துக்கு நேரே குனிந்தான்.

"யாரிட்ட, காக்கா?"

மகள் ஓடி வந்து வாப்பாவின் மடியில் ஏறினாள். ஸைனுலாப்தீன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"பொண்டாட்டிட்ட."

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.